திரே: ஒரு கோட்டின் பின்னால் போன வருடங்கள்

ரஷ்யாவில் வரோனெஷ் நகரத்தில் நான் எழுதிய முதல் டிக்டேஷன் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. பன்னிரண்டு வாக்கியங்கள், எழுத்துப் பிழை இரண்டே இரண்டு. ஆனால் தாள் முழுக்கச் சிவப்பு. பாதி வாக்கியங்களுக்கு நடுவில் ஆசிரியை ஒரு நீளக் கோடு இழுத்து, அதன் தலைமேல் ஒரு கொக்கி போட்டிருந்தார். என்ன தப்பு என்று எனக்குப் புரியவே இல்லை. எல்லாச் சொற்களும் சரியாகத்தானே இருக்கின்றன?

அங்கே மருத்துவம், பொறியியல் எதுவானாலும், ரஷ்ய வழியில் படிக்க வரும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு முதல் வருடம் பெரும்பாலும் மொழிப் படிப்புதான். 'பத்ஃபாக்' என்பார்கள். எங்கள் வகுப்பில் வியட்நாம், சிரியா, காங்கோ, மதுரையிலிருந்து நான். ஆசிரியை தாளை என் முன்னால் வைத்து, கோட்டைத் தொட்டுக் காட்டி ஒரே ஒரு சொல் சொன்னார். என் காதில் அது 'திரை' என்று விழுந்தது. நோட்டிலும் தமிழில் அப்படியே எழுதிக்கொண்டேன். அவர் சொன்னது 'திரே'. இரண்டாவது எழுத்தில் அழுத்தம். இங்கிலீஷில் டேஷ் என்கிறோமே, அந்த நீளக் கோட்டின் ரஷ்யப் பெயர்.

அன்று அவர் கரும்பலகையில் எழுதிய வாக்கியம் 'மஸ்க்வா — ஸ்தலீத்ஸா ரஸ்ஸீயி'. மாஸ்கோ ரஷ்யாவின் தலைநகரம். ரஷ்ய மொழியில் நிகழ்காலத்தில் 'இஸ்', 'ஆர்' போன்ற சொல் வராது. பெயர்ச்சொல்லும் பெயர்ச்சொல்லும் நேருக்கு நேர் நிற்கும். அந்த இடைவெளியில் உட்கார்வதுதான் திரே. இங்கிலீஷ் வழியாக ரஷ்யன் படிக்கும் பிள்ளைகள் இந்த இடத்தில் திண்டாடுவார்கள். அவர்களுக்கு 'இஸ்' இல்லாமல் வாக்கியமே முடியாது. எனக்கு அந்தத் திண்டாட்டம் இல்லை. தமிழிலும் அப்படித்தானே சொல்கிறோம்? 'மாஸ்கோ ரஷ்யாவின் தலைநகரம்', 'என் அப்பா வாத்தியார்'. வினைச்சொல்லும் இல்லை, கோடும் இல்லை. வாக்கியம் எனக்குச் சுலபமாக வந்தது, அதனாலேயே கோடு விட்டுப்போனது.

மறுநாள் இதை எனக்குத் தெரிந்த அரைகுறை ரஷ்யனில் ஆசிரியையிடம் சொன்னேன். எங்கள் மொழியிலும் அந்த வினைச்சொல் கிடையாது, நாங்கள் எதுவும் போடுவதில்லை என்று. அவருக்கு அவ்வளவு சந்தோஷம். ஒரு உதாரணம் சொல்லச் சொன்னார். 'சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்' என்றேன். அர்த்தம் கேட்டுக்கொண்டு, பலகையில் எங்கள் பழமொழி ஒன்று இருக்கிறது என்று எழுதினார்: 'பஃப்தரேனியெ — மாத் உச்சேனியா'. திரும்பத் திரும்பச் செய்வது கல்விக்குத் தாய். கையைக் கிடையாக நீட்டி, அந்தக் கோடு வரும் இடத்தில் மூச்சை ஒரு நொடி நிறுத்திப் படித்துக் காட்டினார். அதற்குப் பிறகு அந்தக் கோடு எனக்கு எழுத்தில் மட்டுமில்லை, காதிலும் விழ ஆரம்பித்தது.

ரஷ்யன் படிக்கப் போகும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். இலக்கணப் புத்தகத்தில் இந்த விதி பின்னால் எங்கேயோ வரும். நமக்கு அது முதல் மாதமே வேண்டும். இரண்டு பெயர்ச்சொல் நேருக்கு நேர் நின்றால் திரே. 'நான்', 'அவள்' என்று பிரதிப்பெயர் எழுவாயாக வந்தால் பொதுவாகத் திரே வேண்டாம்: 'யா ஸ்துத்யேன்த்', நான் மாணவன், கோடு கிடையாது. நடுவில் 'நி' என்ற எதிர்மறை வந்தாலும் பெரும்பாலும் வேண்டாம். 'பேத்நஸ்த் நி பரோக்', ஏழ்மை இழுக்கல்ல என்ற பழமொழியை மனப்பாடம் செய்துகொண்டால் இந்த விதி மறக்காது. 'ஏத்த' (இது) என்ற சொல் நடுவில் வந்தால், அதற்கு முன்னால் கோடு. இரண்டு பக்கமும் வினையெச்சம் போன்ற மூல வடிவம் வந்தாலும் கோடு: 'வல்கோஃப் பயாத்ஸா — வ்லேஸ் நி ஹதீத்', ஓநாய்க்குப் பயந்தால் காட்டுக்குப் போகாதே. அப்புறம், வினைச்சொல் விழுந்துபோன இடத்திலும் இது வந்து நிற்கும். 'நாங்கள் தியேட்டருக்கு, அவர்கள் வீட்டுக்கு' என்று நாம் பேசுவதில்லையா? ரஷ்யனில் 'தியேட்டருக்கு'வுக்கு முன்னால் ஒரு கோடு, 'வீட்டுக்கு'வுக்கு முன்னால் ஒரு கோடு. போகிறோம், போகிறார்கள் என்ற இரண்டு சொல்லின் வேலையையும் அந்தக் கோடே பார்த்துவிடுகிறது.

இத்தனை வேலை செய்யும் குறிக்கு ரஷ்ய மொழியில் சொந்தப் பெயர் இல்லை என்று தெரிந்தபோது எனக்கு ஆச்சரியம். புள்ளிக்கு 'தோச்கா', காற்புள்ளிக்கு 'ஸப்பித்தாயா', இரண்டும் அவர்களின் சொந்தச் சொற்கள். திரே மட்டும் பிரெஞ்சு. அங்கே 'திரெ' என்று எழுதி, கடைசியில் ஒரு மௌன எழுத்தையும் சேர்த்துக்கொள்வார்கள். ரஷ்யர்கள் கேட்டபடி எடுத்துக்கொண்டார்கள், அந்த மௌன எழுத்து வழியிலேயே உதிர்ந்துவிட்டது. மூலச் சொல்லுக்கு 'இழு' என்று பொருள். கோடு இழுப்பதற்கும் அதே சொல்தான். நம் வாத்தியார்களும் 'அடியில் ஒரு கோடு இழு' என்றுதானே சொல்வார்கள்! இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தச் சொல் எனக்கு அந்நியமாகப் படவே இல்லை.

ரஷ்ய எழுத்தில் இந்தக் கோட்டைப் பரப்பியவராக நிகலாய் கரம்ஜீனைச் சொல்வார்கள். 1766 முதல் 1826 வரை வாழ்ந்த எழுத்தாளர், வரலாற்றாசிரியர். அந்தக் காலத்தில் ரஷ்யாவின் படித்த குடும்பங்களில் பிரெஞ்சு பேச்சு சாதாரணம். பின்னால் வந்த கவிஞர் மரீனா த்ஸ்வெதாயெவாவைப் படித்தால் இந்தக் கோட்டுக்கு எவ்வளவு உயிர் உண்டு என்று தெரியும். ஒரு சொல்லின் நடுவிலேயே கோடு போட்டு அதை இரண்டாகப் பிளந்துவிடுவார். தமிழில் அதை மொழிபெயர்க்கப் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். ஒருமுறையும் எனக்குத் திருப்தி வந்ததில்லை.

சரி, இந்தச் சொல்லால் நான் பட்ட பாட்டுக்கு வருகிறேன். இரண்டாம் வருடம், விசா நீட்டிப்புக்காகச் சில காகிதங்களை ஸ்கேன் செய்து ஒரு அலுவலகத்துக்கு மெயில் அனுப்ப வேண்டும். போனில் முகவரி சொன்ன அலுவலகத்து அம்மா, நடுவில் 'திரே' என்றார். அப்புறம் 'சபாக்கா' என்றார். சபாக்கா என்றால் நாய், அது அட் (@) குறிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் என்று எனக்குத் தெரியும். திரேயும் தெரியுமே! விடுதிக் கம்ப்யூட்டரில் வேர்டைத் திறந்து, அழகாக நீளக் கோடு போட்டு முகவரியை எழுதி, அங்கிருந்து எடுத்து மெயிலில் ஒட்டி அனுப்பிவிட்டு வந்துவிட்டேன். மெயில் போகவில்லை. திரும்பி வந்த செய்தியை நான் நான்கு நாள் கழித்துத்தான் பார்த்தேன். அதற்குள் கெடு முடிந்திருந்தது. அந்த நவம்பர் குளிரில் இரண்டு அலுவலகங்களுக்கு நடுவே நடையாய் நடந்தேன்.

நடந்தது இதுதான். கம்ப்யூட்டர் விசைப்பலகையில் இருப்பது சின்னக் கோடு, நாம் ஹைபன் என்பது. ரஷ்யனில் அதன் முறையான பெயர் 'தெஃபீஸ்'. ஆனால் பேச்சில் பாதிப் பேர் அதையும் 'திரே' என்றே சொல்லிவிடுவார்கள். ஆசிரியை சொன்ன திரே வேறு, போனில் வரும் திரே வேறு. மெயில் முகவரியிலும் இணைய முகவரியிலும் பொதுவாக நீளக் கோடு வராது, வருவது சின்னக் கோடுதான். யாராவது போனில் 'திரே' என்றால் 'கரோத்கயா ச்சோர்தச்கா?', குட்டிக் கோடா, என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் பழக்கம் உள்ளவர் என்றால் 'மீனுஸ்?', மைனஸா, என்று கேட்டாலே போதும். முகவரியை வேர்டில் எழுதி ஒட்டாதீர்கள். அது சின்னக் கோட்டைத் தானாகவே நீட்டிவிடும் நேரம் உண்டு.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு எச்சரிக்கை. கட்டுரையோ தேர்வோ எழுதும்போது சின்னக் கோட்டைப் போட்டுத் திரே என்று விடக்கூடாது. விண்டோஸில் ஆல்ட்டை அழுத்திக்கொண்டு எண் விசைகளில் 0151 அடித்தால் நீளக் கோடு வரும். செல்போனில் சின்னக் கோட்டை அழுத்திப் பிடித்தால் போதும். திரேக்கு இரண்டு பக்கமும் இடம் விட வேண்டும், தெஃபீஸுக்கு விடக்கூடாது. இரண்டுக்கும் வித்தியாசம் எனக்கு முழுசாக மனதில் பதிந்தது ஒரு ரயில் பயணத்தில்தான். 'மஸ்க்வா — ரஸ்தோஃப்-நா-தனூ' என்று எழுதியிருந்தது. தோன் ஆற்றின் கரையில் இருக்கும் ரஸ்தோஃப் என்பது ஒரே ஊரின் பெயர், அதற்குள் இரண்டு சின்னக் கோடு. ரயில் கிளம்பும் ஊருக்கும் போய்ச் சேரும் ஊருக்கும் நடுவில் ஒரு பெரிய கோடு. சின்னது ஒட்டுகிறது, பெரியது தூரத்தைக் காட்டுகிறது. இத்தனைக்கும் 'தெஃபீஸ்' என்ற சொல் ஜெர்மன் வழியாக லத்தீனிலிருந்து வந்தது, அங்கே அதற்குப் 'பிரிப்பு' என்று பொருள்.

படிப்பு முடிந்து மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்தேன். ரஷ்யன் மேல் எனக்கு ஆசை வந்ததே அப்பாவின் அலமாரியில் இருந்த மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்துத் தமிழ்ப் புத்தகங்களால்தான். அதனால் முதலில் மொழிபெயர்த்த கதையை அப்பாவுக்குத்தான் அனுப்பினேன். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். போனில் அவர் கேட்டது: "கதை நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா வாசலுக்கு வாசல் கோலம் போட்ட மாதிரி எதுக்கு இத்தனை கோடு? யார் பேசறா, எங்க முடிக்கிறான்னே தெரியலையே."

ரஷ்யக் கதைகளில் உரையாடலுக்கு மேற்கோள் குறி போடுவது குறைவு. பேச்சு ஒரு கோட்டோடு தொடங்கும். இடையில் கதைசொல்லி நுழைந்தால் இன்னொரு கோடு, அவர் விலகினால் மறுபடியும் கோடு. நான் தமிழில் எழுதி அனுப்பியது இப்படி இருந்தது:

— எங்கே போகிறாய்? — அம்மா கேட்டாள். — இருட்டிவிட்டது.

ரஷ்ய வாசகரின் கண்ணுக்கு இது பழகிய தடம். 'இருட்டிவிட்டது' என்பது அம்மா சொன்னது என்று அவருக்கு உடனே தெரியும். தமிழ் வாசகருக்கு அது கதைசொல்லியின் வாக்கியம். அம்மா கேட்டாள், வெளியே இருட்டிவிட்டது, அவ்வளவுதான். ஒரு கோட்டை நம்பி அம்மாவின் கவலையையே நான் தொலைத்திருந்தேன். இப்போது "எங்கே போறே? இருட்டிடுச்சே" என்று கேட்டாள் அம்மா, என எழுதுகிறேன். நமக்கு 'என்று' இருக்கிறது. பேச்சு எங்கே முடிகிறது என்று சொல்ல அதைவிட உறுதியான அடையாளம் வேறு வேண்டுமா? மற்ற இடங்களிலும் திரே வந்தால் கோட்டைத் தூக்கி அப்படியே தமிழில் வைப்பதில்லை. சில இடத்தில் 'என்பது', சில இடத்தில் 'தான்', பல இடத்தில் ஒன்றுமே வேண்டாம்.

ரஷ்யாவை விட்டு வெளியே வேலைக்காகப் போகத் தொடங்கியபோது இந்தச் சொல்லை ஒரு நோட்டில் ஊர்வாரியாகக் குறித்துவைக்க ஆரம்பித்தேன். பல்கேரியாவில் சோஃபியாவில் எனக்குத் தங்குமிடம் கொடுத்த வீட்டம்மா முகவரி சொல்லும்போது 'மால்கோ திரே' என்றார். குட்டித் திரே, அதாவது ஹைபன். ரஷ்யனில் திரே எந்த வேற்றுமையிலும் மாறாது, பன்மையும் எடுக்காது, விருந்தாளி மாதிரி சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கும். பல்கேரியனில் அது வீட்டுப் பிள்ளை. பன்மை 'திரெதா', 'அந்தத் திரே' என்றால் 'திரெதோ'. உக்ரைனியனிலும் திரேதான். ஆனால் காற்புள்ளிக்கு அங்கே 'கோமா' என்பார்கள். கார்கிவில் படித்துவிட்டு வந்த தம்பி ஒருவன் ரஷ்ய வகுப்பில் 'கோமா' என்று சொல்லி, ஆசிரியர் நோயாளியைப் பற்றிப் பேசுகிறானோ என்று நினைத்ததாகச் சொன்னான்.

அப்போது ஒரு தப்புக் கணக்குப் போட்டேன். ரஷ்யன், பல்கேரியன், உக்ரைனியன் போன்ற ஸ்லாவிய மொழிகள் ஒரே குடும்பம், ஆகவே எல்லா இடத்திலும் திரே இருக்கும் என்று. பெலாருஸில் மின்ஸ்க் போனதும் கணக்கு உடைந்தது. அங்கே அதன் பெயர் 'ப்ரத்ஸ்யாஷ்னிக்'. தொடர்ச்சி, நீட்சி என்ற பொருளில் உள்ள சொல்லிலிருந்து வருகிறது, அதன் வேருக்கு 'இழு' என்று பொருள். பிரெஞ்சுக்காரர்கள் நினைத்ததையே பெலாருஸியர்கள் தங்கள் சொந்த மண்ணிலிருந்து எடுத்திருக்கிறார்கள். அன்று முழுவதும் இதை நினைத்து மகிழ்ந்துகொண்டிருந்தேன். போலந்தில் அது 'மிஷ்ல்னிக்', எண்ணக்குறி. செக் மொழியில் 'பொம்ல்ச்கா', வாயை மூடிக்கொள்வதிலிருந்து வந்த பெயர். ஸ்லோவேனிய மொழியிலும் எண்ணத்தை வைத்துத்தான் பெயர். செர்பியர்களுக்கு வெறும் 'த்ஸர்த்தா', கோடு.

எண்ணம் எங்கிருந்து வந்தது? ஜெர்மன் அதை 'கெடாங்கென்ஷ்ட்ரிஹ்' என்கிறது, எண்ணக்கோடு. ஹங்கேரிய மொழியில் எண்ணக்குறி, லாட்விய மொழியில் எண்ணக்குறி, எஸ்தோனிய மொழியில் எண்ணக்கோடு. ஹங்கேரியனும் எஸ்தோனியனும் ஸ்லாவியக் குடும்பமே இல்லை. வரைபடத்தை விரித்துப் பார்த்தபோது எனக்குப் பிடிபட்டது. ஜெர்மன் படிப்பின் செல்வாக்கு இருந்த இடங்களில் பெரும்பாலும் எண்ணம், ரஷ்யப் படிப்பின் செல்வாக்கு இருந்த பல இடங்களில் திரே. சொந்தக்காரர் யார் என்று இந்தப் பெயர் பார்க்கவில்லை. எந்த வாத்தியார் முதலில் வந்து பலகையில் எழுதினார் என்றுதான் பார்த்திருக்கிறது. பாகுவில் அஸர்பைஜான் மொழியிலும் திரே, அது துருக்கிய மொழிக் குடும்பம். இஸ்தான்புல்லிலும் திரே உண்டு. ஆனால் அது ரஷ்யா வழியாக வந்ததல்ல, நேரே பிரெஞ்சிலிருந்து இறங்கியது. துருக்கிய எழுத்துக்கு நிறுத்தக்குறிகளைக் கொண்டுவந்தவராக அறியப்படும் ஷினாசி, பாரிஸில் படித்துவிட்டு வந்தவர். ஒரே பிரெஞ்சுச் சொல் வடக்கே மாஸ்கோ சுற்றி பாகுவுக்கும், தெற்கே நேராக இஸ்தான்புல்லுக்கும் போயிருக்கிறது. இஸ்தான்புல்லில் அது பெரும்பாலும் சின்னக் கோட்டைக் குறிக்கும், அடிக்கோட்டை 'அல்த் திரே', கீழ்த் திரே, என்பார்கள். மெயில் முகவரி கேட்கும்போது இந்த 'அல்த்'தைத் தவறவிட்டால் மறுபடியும் மெயில் திரும்பும்.

அட் குறியையும் சேர்த்துத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. ரஷ்யனில் நாய், போலிஷில் குரங்கு, ஹங்கேரியனில் புழு, செக்கில் சுருட்டி ஊறவைத்த மீன். முகவரி சொல்பவர் திடீரென்று மிருகங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பயப்படாமல் அட் போடுங்கள்.

இப்போது ஜார்ஜியாவில் திபிலிசியில் இருக்கிறேன். நம் பிள்ளைகள் நிறையப் பேர் இங்கே மருத்துவம் படிக்கிறார்கள். படிப்பு இங்கிலீஷில். ஆனால் வீட்டுக்காரர், மருந்துக்கடை, ஆஸ்பத்திரி எல்லாம் ஜார்ஜியன். அந்த மொழிக்கும் ரஷ்யனுக்கும் உறவே கிடையாது, எழுத்தும் தனி. வந்த முதல் மாதம் எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. ஒருநாள் மாணவி ஒருத்தி போனை ஸ்பீக்கரில் போட்டு ஓடிவந்தாள். "அக்கா, ஹவுஸ் ஓனர் மெயில் ஐடி சொல்றாங்க. நடுவுல டிரே, டிரேங்கறாங்க. டீ டிரேயா?" அந்த ஒரு சொல்லைக் கேட்டதும், கூட்டத்தில் ஊர்க்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு. "சின்னக் கோடு போடும்மா. திருப்பிச் சொல்லிக் கேட்டுக்கோ" என்றேன். இந்தத் தடவை மெயில் போனது.

அவளுக்கு மூன்றாம் வருடம் ஆஸ்பத்திரிப் பயிற்சி தொடங்கியபோது இன்னொரு சொல்லைக் கொண்டுவந்தாள். வார்டில் டாக்டர்கள் ஒரு நோயாளியைக் காட்டி 'ம்த்ஸிமே' என்றார்களாம். அதே சொல்லைத்தான் அவளுடைய ஜார்ஜிய ஆசிரியை முந்தின வாரம் பலகையில் காற்புள்ளிக்குச் சொல்லித்தந்திருந்தார். இவள் குழம்பிப்போய் நின்றிருக்கிறாள். ஜார்ஜியனில் 'ம்த்ஸிமே' என்றால் கனமானது. நோயாளியைப் பற்றிச் சொன்னால் நிலைமை மோசம் என்று பொருள். காற்புள்ளிக்கும் அதே பெயர்தான். வார்டில் அந்தச் சொல் காதில் விழுந்தால் பேச்சை நிறுத்திவிட்டுக் கட்டிலைப் பார் என்று சொல்லிக்கொடுத்தேன். அவளுடைய சின்ன நோட்டில், அந்த 14ஆம் எண் கட்டிலுக்கு நேராக, பெரிதாக ஒரு காற்புள்ளி போட்டு வைத்திருக்கிறாள்.